ஈரம் காயாத அச்சு

என் அதிகாரக்காரி லானுக்கு, உன் புருஷன் எழுதுவது. உன் இடுப்பு வலி தேவலையா? ஆடுகள் சுகமா? என் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் பிரபுவின் செத்துப்போன அப்பாவுக்குப் படையல் வைக்க வெண்கலப் பாத்திரம் வார்க்கிறோம். அதன்மேல் வர நான் செதுக்கிய பூதமுகம், கொம்பும் பிதுங்கிய கண்ணுமாக, அப்படியே உன் அண்ணன். மண் அச்சு காயுமுன்னே மேஸ்திரி கூ என்பவன் வெண்கலத்தை ஊற்ற வைத்தான். அச்சு வெடித்து, உருகிய வெண்கலம் தெறித்து ஒருவன் செத்தான்.

"முன்னோருக்குக் கோபம்டா! உலைக்கு ஆட்டு ரத்தம் பத்தாது!" என்று கூ, அச்சுக்கு மண் மிதித்த போர்க்கைதியின் கழுத்தில் கத்தியை வைத்தான்.

"ஐயா, பசி முன்னோருக்கா, உங்களுக்கா? அச்சு காயலன்னு நேத்தே சொன்னேனே. ரத்தம்தானே? என்கிட்ட நெறைய இருக்கு" என்றேன்.

"அப்போ நீயே குடுடா, வாயாடி!"

அந்தக் கத்திக்கு என் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. கைதி பிழைத்தான். பயப்படாதே, உளி பிடிக்கும் கை முழுசாக இருக்கிறது.

குளிர் அங்கியைக் கயிறு இல்லாமல், ஒற்றைக் கையால் மாட்டும்படி எலும்புக் கொக்கி வைத்துத் தைத்து அனுப்பு. இப்போது அந்தக் கைதிதான் கட்டிவிடுகிறான்; உன் முடிச்சு அவனுக்கு வரவில்லை. உலைக்குக் கூப்பிடுகிறார்கள். அவனுக்கும் ஓர் அங்கி தைத்துவிடு, வெற்றுடம்போடு நடுங்கிக்கொண்டே கட்டுகிறான்.