மஞ்சள் பட்ட கட்டம்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
ஆவணி மாதம், 1936

சிரஞ்சீவி சின்னையாவுக்கு,

உன் அப்பன் கன்னையா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் டாக்டருக்கு எழுதும் கடிதத்தில் அப்படிப் புளுகினால் செல்லுமா? அம்மா சுகம். பூனை சுகம். நான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

நீ எடின்பரோவுக்குக் கப்பல் ஏறுமுன், மூளையையும் நரம்பையும் பற்றி மட்டுமே அச்சுப்போடும் லண்டன் சஞ்சிகைக்கு ஒரு கட்டு அனுப்பினாயே, அது திரும்பி வந்துவிட்டது. நம் வீட்டு விலாசம் கொடுத்திருந்தாய் அல்லவா, தபால்காரர் நேரே என்னிடம் நீட்டினார். நான் வாங்கிய வாக்கில் அது சாக்கடைக்குள் போகப் பார்த்தது. அந்த மனுஷரே பாய்ந்து பிடித்து, உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். உன் பெயருக்கு வந்ததைப் பிரித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. திரும்பி வந்ததென்றால் தபால் தலை குறைச்சலாக ஒட்டியிருப்பாய் என்று நினைத்தேன். டிக்கெட் கலெக்டராக இருந்தவனுக்கு வேறு எங்கே புத்தி போகும்?

என் இங்கிலீஷ் டிக்கெட்டில் அச்சடித்த ஊர்ப் பெயர்களோடு நின்றுவிடும். ரவாங் வரை ஓடும், அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. ஆகையால் ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் பக்கத்து வீட்டு வல்லிபுரத்தைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர், கேட்டதை வெளியே விடாதவர். சஞ்சிகையின் ஆசிரியர் எழுதியிருந்த கடிதத்தை முதலில் தனக்குள்ளே படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கன்னையா அண்ணை, மகன் நல்லாத்தான் எழுதியிருக்கிறான். வெள்ளைக்காரனே மெச்சிறான். ஆனா அச்சடிக்கேலாதாம். ரெண்டு காரியம் குறையுதாம்" என்றார்.

அந்த இரண்டையும் கேட்ட பிறகு, கட்டுரையையும் முழுக்கப் படித்துச் சொல்லச் சொன்னேன். உன் அம்மா கோயிலுக்குப் போகிற சாயங்காலங்களாகப் பார்த்து அவர் வந்து படித்தார்.

என் கையைப் பற்றி எழுதுகிறாய் என்பதுதான் எனக்குத் தெரியும். நீயே போட்டோ எடுத்தாய், நானே வேஷ்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் என் கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை அடித்திருக்கிறாய். ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்ற மரியாதையாம், வல்லிபுரம் சொன்னார். பார்த்தால் சாமான் வண்டியில் சீனி மூட்டை திருடிப் பிடிபட்டவன் மாதிரி இருக்கிறேன். போகட்டும். டிக்கெட்டைத் துளைக்கப் போய் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் விரலைத் துளைக்கப் பார்த்து, அதனால் வேலையிலிருந்து முன்கூட்டியே நின்றதைக்கூட எழுதியிருக்கிறாய். அவர் போட்ட கூச்சலை மட்டும் விட்டுவிட்டாய். கட்டுரையில் அதுதான் சுவாரசியமான இடமாக இருந்திருக்கும்.

ஆனால் என்னோடு நிற்கும் என்று நினைத்தேன். நீ நம் குடும்பத்தையே எழுதியிருக்கிறாய்.

டெங்கில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த உன் சித்தப்பா அய்யாவு அதில் வருகிறான். நடக்கும்போது கால் பின்னுகிறது, வாளியைச் சிந்துகிறான், காலையிலேயே கள் குடித்துவிட்டு வருகிறான் என்று கூலிக் கணக்கில் பேர் வெட்டினார்கள். கள்ளுக்கடைப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன். கடைசியில் ஈயம் தோண்டிவிட்ட குட்டைத் தண்ணீரில் அவன் போனதையும் சேர்த்திருக்கிறாய். வழுக்கி விழுந்துவிட்டான் என்றுதான் இத்தனை காலமும் எல்லோருக்கும் சொல்லி வந்தோம். நீ 'இறங்கினார்' என்று எழுதியிருக்கிறாய். வல்லிபுரம் அந்த வரியைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ எழுதியதுதான் சரி. அவன் வேஷ்டியை மடித்துக் கரையில் வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

என் அப்பாவும் அதில் வருகிறார். ஊரில் அவர் ஆடியபோது சாமி வந்திருக்கிறது என்று சொல்லித் தேங்காய் உடைத்தார்கள். அய்யாவு ஆடியபோது கள் என்றார்கள். நீ வியாதி என்கிறாய். மூன்றில் நீ சொன்னதுதான் எனக்கு மரியாதையாகப் படுகிறது. போன வாரம்கூட நான் பாசாரில் மீன் வாங்கப் போனபோது, "கன்னையா அண்ணே காலையிலேயே ஏத்திட்டாருப்பா, வழி விடுங்க" என்று ஒருத்தன் கத்தினான். "ஆமாம் தம்பி, நீதானே ஊத்திக் கொடுத்தே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது ஆசிரியர் கேட்ட இரண்டு காரியத்துக்கு வருகிறேன்.

கட்டுரையின் கடைசியில் ஒரு படம் வரைந்திருக்கிறாய். ஆணுக்குச் சதுரக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவர்களுக்கு உள்ளே கறுப்பு. மேலே என் அப்பா கறுப்பு. அவருக்குக் கீழே அய்யாவு கறுப்பு, பக்கத்தில் நான் கறுப்பு. எனக்குப் பக்கத்தில் உன் அம்மா வட்டமாக, சுத்தமாக இருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் கீழே, தாளின் மூலையில், ஒற்றைக் கட்டம். நீ அதைக் காலியாக விட்டிருந்தாய்.

ஆனால் லண்டனுக்கு அது காலியாகப் போய்ச் சேரவில்லை. நீ அதைத் தபாலுக்குக் கொண்டுபோக வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் உன் அம்மா கிண்ணத்தோடு வந்துவிட்டாள். "என்னங்க, நல்ல காரியத்துக்குப் போற காகிதத்தை மூளியாவா அனுப்புறது?" என்று மஞ்சள் குழைத்துக் கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல மூலைக்கு மூலை வைத்தாள். கல்யாணப் பத்திரிகை என்றால் ஒரு தாளோடு போகும். இது அத்தனை தாளுக்கும் நாலு மூலை. நான்தான் தாள் தாளாக எடுத்துக் கொடுத்தேன், அப்புறம் நூல் போட்டுக் கட்டினேன். அந்தப் படத்தின் மூலையில் அவள் கட்டைவிரல் அந்தக் கட்டத்தின் மேலேயே, வரம்பு தாண்டாமல், வைத்தாற்போல விழுந்திருக்கிறது. அது யாருடைய கட்டம் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

ஆசிரியர் கேட்கிறார்: கறுப்பு என்றால் நோய் கண்டவர், வெறுமையென்றால் காணாதவர் என்று விளக்கம் தந்திருக்கிறீர்கள், மஞ்சள் எதைக் குறிக்கிறது? அந்த நபருக்கு நோய் உண்டா இல்லையா என்று தெளிவுபடுத்தவும்.

இதுதான் முதல் காரியம். வல்லிபுரத்துக்கு அம்மாவின் திருப்பணியைச் சொன்னேன். "ஐயோ அண்ணை! லண்டனிலை போய் மஞ்சளை ஆராய்ச்சி பண்ணியிருக்கிறாங்கள்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு படத்தை மறுபடி பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணை, அப்ப இவனுக்கு என்ன பதில் எழுதிறது?" என்றார்.

மகன் எழுதுவான் என்றேன்.

அதற்கு முன்பே கட்டுரையில் அவர் மெல்லிய குரலில் படித்த ஒரு வரி இருந்தது. இந்த நோய் பெற்றவரிடமிருந்து பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வருகிறது, முப்பது வயதுக்குமேல்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது என்று. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. ஒன்றில் பாதி என்ன என்று போட்டுப் பார்த்தேன். நான் படித்த ஆறாம் வகுப்புக் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது.

கிள்ளானில் பக்கிரிசாமி தன் மகளுக்காக ஆள்மேல் ஆள் அனுப்பியபோது நீ ஏன் மாட்டேன் என்று எழுந்து போனாய் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அன்றைக்கு நான் உன்னைப் படிப்புத் திமிர் என்று ஏசினேன். அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் வேறிடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அம்மா போய் வந்தாள்.

இரண்டாவது காரியம் சுலபம், என்னால் ஆகக்கூடியது. நோய் கண்ட ஒருவரின் மூளையைச் செத்த பிறகு எடுத்துப் பார்த்து, உள்ளே எந்தப் பாகம் சுருங்கியிருக்கிறது என்று எழுதினால்தான் கட்டுரை முழுமையாகுமாம். அப்படிச் செய்தால் அவசியம் அச்சிடுவோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் அப்பாவும் தம்பி அய்யாவும் சாம்பலாகிவிட்டார்கள். ஆக, பாக்கி இருக்கும் கறுப்புக் கட்டம் நான்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தேடித் தேடிக் கிடைக்காத மூளையை லண்டன்காரன் கேட்கிறான் என்றால் சும்மாவா?

எடுத்துக்கொள்ளப்பா. யாரிடம் போய் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் தெரிவி. கை ஆடினாலும் கையெழுத்து ஒன்று போட்டுவிடுவேன். நாகப்பட்டினத்திலிருந்து ஆடு மாட்டோடு கப்பலின் மேல்தட்டில் படுத்து வந்தவன் நான். போகும்போது போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் ஏறி, கண்ணாடி ஜாடியில், யாரும் இடிக்காமல் போவேன்.

அம்மாவுக்குச் சொல்லக்கூடாது. ரயிலில் அடிபட்டுச் செத்த ஒருவரை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்களே, அன்றைக்கு அவள், "அறுத்த தலை அடுத்த பிறவியிலே ஆடிக்கிட்டே கெடக்கும், முழுசாப் போகணும்" என்று அழுதாள். போன பிறவியிலும் நான் ஏதோ சஞ்சிகைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் கண்ணில் தையல் படாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். இப்போதே தலைப்பாகை கட்டத் தொடங்கிவிட்டேன். கடைசியில் தலைப்பாகையோடு கிடத்தினால், இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான் என்று விட்டுவிடுவாள். "என்ன, அறுவதிலே மாப்பிள்ளைக் கோலமா?" என்று கேட்கிறாள். தலை குளிர்கிறது என்றேன். இந்த ஊர் வெயிலில் தலை குளிர்கிறது என்று சொன்ன முதல் ஆள் நான்தான். அவள் நம்பி, தைலம் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதை நீ அறுக்காதே. எடுப்பதையும் பார்ப்பதையும் வேறு டாக்டர் யாராவது செய்யட்டும். அவர் சொல்வதைக் கேட்டு நீ எழுது. உள்ளே சுருங்கியிருக்கும் இடத்தை நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், என்னைத்தான் பார்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அது வேண்டாம்.

கட்டைத் திரும்ப உனக்கு அனுப்புகிறேன். மஞ்சளைச் சுரண்டப் பார்த்தேன், தாள் கிழிந்துவிடும் போலிருந்ததால் விட்டுவிட்டேன்.

போன முறை உன்னிடமிருந்து வந்த கடிதம் டைப் அடித்து, இங்கிலீஷில் இருந்தது. அங்கே எல்லோரும் இப்போது மெஷினில்தான் அடிக்கிறார்கள், நேரம் மிச்சம் என்று எழுதியிருந்தாய். அடியில் உன் பேரும் மெஷினிலேயே இருந்தது. வல்லிபுரம் படித்துச் சொன்னார், சந்தோஷம். நல்ல மெஷின், ஒரு எழுத்துக்கூட மேலே கீழே போகவில்லை. அம்மாதான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அவன் எங்கே எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நீ போடும் சுழியைத் தெரியும்.

நான் இந்தக் கடிதத்தை வலது மணிக்கட்டை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். கொஞ்சம் எழுதுவேன், மைக்கூட்டைக் கவிழ்ப்பேன், துடைப்பேன், மறுநாள் தொடருவேன். வரி ஒவ்வொன்றும் செராஸுக்குப் புறப்பட்டுக் கிள்ளானில் போய் நிற்கிறது. நன்றாகச் சிரித்துக்கொள், எனக்கு வருத்தமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு மார்பை மூடிக்கொள். முருகன் உன் கையையும் காலையும் காக்கட்டும். அடுத்த தபாலில் அம்மாவுக்காக இரண்டு வரி தமிழில், மெஷின் இல்லாமல், உன் கையாலேயே எழுதி அனுப்பு. எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அப்பா. அவளிடம் காட்டுமுன் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா
கன்னையா