சோப்பு வைத்து அடைத்த நட்டு

அஸ்ஸாம்,
12-8-1959

அன்புள்ள ராமுத்தாய்க்கு, கருப்புசாமி எழுதுவது. நான் சுகம். உன் இருமல் நின்றதா? அண்ணன் சுகமா?

நேற்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லாரி ஒன்று நடுவழியில் நின்றுவிட்டது. கியர்பாக்ஸில் சொட்டு ஆயில் இல்லையாம். கியர் பல்லெல்லாம் இறுகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. சமதரை என்பதால் யாருக்கும் ஒன்றுமில்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

லீவில் வந்தபோது நாகல் நகர் வீட்டு வாசலில் அண்ணன் லாரிக்கு ஆயில் மாற்றினேனே, நீதானே சட்டி பிடித்தாய்? கியர்பாக்ஸ் அடியில் ஆயில் இறக்கும் நட்டு அசையவே இல்லை. உளி வைத்து அடித்ததில் கழன்றது, ஆனால் திருகு மரை போய்விட்டது. "ஏங்க, சரியாயிருச்சா?" என்று கேட்டாய். "அம்புட்டும் சரியாயிருச்சு" என்றேன். பொய். சணலைச் சுற்றி, உன் துணிசோப்பைக் குழைத்து அப்பி, நட்டை அடித்து ஏற்றினேன். அண்ணன் திட்டுவாரென்று பயந்து சொல்லாமலே ரயிலேறிவிட்டேன்.

அந்த லாரிதான் தினமும் சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அத்தனை வளைவிலும் இறங்குகிறது. அந்த நட்டு விழுந்து ஆயில் கொட்டினால் வளைவில் சக்கரம் பூட்டிக்கொள்ளும். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நீ அலறுவாய், அதனால்தான் கடிதம்.

கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு. பதிலின் அடியில் உன் பெருவிரலை மையில் தொட்டு வை.

தபால் பை கட்டுகிறார்கள். அண்ணே, உங்களைத் தவிர அவளுக்குக் கடிதம் படித்துக் காட்ட ஆளில்லை. வண்டியை எடுக்காதீர்கள். என்னைத் திட்டி எழுதுங்கள்.

ராமுத்தாயி, இப்போது இதைப் படிப்பது அண்ணன் குரல்தானே?

பயத்துடன்,
கருப்புசாமி