எஸ்தர் பிடித்த நோன்பு

என் செல்ல மருமகள் எஸ்தருக்கு,

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். ஆம்பூரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் தோலைத் தொட்டே ஆடு எந்தச் சந்தையில் விலைபோனது என்று சொல்லுகிறவனுக்கு மனுஷ உடம்பு தெரியாதா? இதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது அம்மா. நீ போன பிறகு கதை சொல்ல உட்கார்ந்தால் பாதியிலேயே களைத்துப் போகிறேன்.

ராணிப்பேட்டை மாப்பிள்ளை வீட்டார் வந்துபோனது நினைவிருக்கிறதா? உன் அம்மா செய்த கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, பெண் கொஞ்சம் இளைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்து போனார்கள். அன்று முதல் எல்லார் கண்ணும் உன் தட்டில்தான். இன்னொரு இட்லிக்கு உன் கை நீண்டால் உன் அம்மா இருமுவாள். நான் கொள்ளு வாங்கி வந்து, சீமை டாக்டர் சொன்ன வைத்தியம் என்றேன். சொன்னது நான் தோல் பதனிடுகிற ஷாப்பின் வாட்ச்மேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுக்க உபவாசம் இருந்தாய். அது முடிந்து கொஞ்ச நாளில் ரம்ஜான் வந்தது. பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்காவோடு அந்த நோன்பையும் பிடித்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் என் அக்கா மகளைப் பற்றித்தான் பேச்சு என்று ஷாப்பு முழுக்க அளந்துவிட்டேன்.

ஆனால் நீ இளைக்கவில்லை. ரவிக்கைத் தையலைப் பிரித்து விட வேண்டியதாயிற்று. "சாப்பிடாமயே எப்பிடிடீ ஊதுற?" என்றாள் உன் அம்மா. ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒளித்துத்தான் தின்றாய். ஏன் என்று எவன் கேட்டான்?

பாத்திமா அக்காதான் பார்த்தார். ரம்ஜான் பெருநாள் போன பிறகும் நீ பகலெல்லாம் வெறும் பச்சைத் தண்ணீரோடு இருந்தாயாம். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுப் பின்கட்டில், பிரியாணி தேக்சாவுக்கு முன்னால் குந்திக்கொண்டு, அழுதபடியே அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாயாம். பிறகு கொல்லைக்குப் போய், தொண்டையில் விரலை விட்டு வாந்தி.

"சாமுவேலண்ணே, நோன்புன்னா சாயங்காலம் தொறக்கணும்" என்றார் என்னிடம். "இந்தப் பொண்ணுக்குத் தொறக்கவே தெர்ல. பட்டினி கெடந்து கெடந்து, தாங்காம துன்னுது. துன்னதுக்குப் பயந்து மறுபடியும் பட்டினி. பாக்கவே பேஜாரா கீது."

வயசுப் பெண், சரியாகிவிடும் என்றேன் நான். பெரிய டாக்டர் போல.

நீ வேலை பார்த்த ஷூ தைக்கிற யூனிட்டில் மிஷின் மேலேயே சாய்ந்த பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். சரி, எழுந்திருக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தார். பட்டினி கிடப்பதும் அடங்காமல் தின்பதும் வேறு வேறு இல்லை, ஒரே நோய்தான், உடம்பு பெருத்ததும் அதனால்தான், திட்டத் திட்ட ஜாஸ்தியாகும் என்றார். வாந்தி எடுத்து எடுத்து ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து, இதயம் தளர்ந்துவிட்டதாம். குண்டான பெண் பட்டினியால் சாவாள் என்று எவனுக்குத் தெரியும்? எனக்குத் தெரியும் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இங்கே சேதி என்ன? முதலாளி வீட்டுக்கு டிவி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெருவே அங்கேதான். உன் தங்கச்சி ஸ்டெல்லா அதே யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அப்படியே உன் சாயல். போன மாதம் எவனோ அவளைப் பூசணி என்றிருக்கிறான். அதிலிருந்து அவள் கட்டிக்கொண்டு போகிற சோறு அப்படியே திரும்பி வருகிறது.

நேற்று அவளைக் கூப்பிட்டு, நீ பட்டினியால் போன கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அக்கா கடைசி நாள்ல வயிறார சாப்ட்டுச்சுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க. அப்ப பட்டினியால சாவலியே."

நான்தான் சொன்னேன். கல்லறைத் தோட்டத்திலேயே ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிக்கு டிபன் கேரியரில் பிரியாணி கொண்டுபோனேன், பிள்ளை எழுந்து உட்கார்ந்து, என்னோடு பேசிச் சிரித்துச் சாப்பிட்டது என்று. உன் அம்மா அழுகையை நிறுத்தினாள். அதனால் சொல்லும்போதெல்லாம் கதையில் உனக்கு இன்னும் ஒரு கரண்டி போட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். அவள் தட்டைப் பார்க்கமாட்டேன், சத்தியம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் கடைசி நாளில் நீ சாப்பிடவில்லை. கேரியரைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெளிய போறீங்களா மாமா? யாராச்சும் பாத்தா எறங்காது" என்றாய். நான் வராந்தாவில் போய் நின்றேன். திரும்பி வந்தபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். கேரியரின் கொக்கி, போட்டது போட்டபடி இருந்தது.

உன் தாய்மாமன்,
சாமுவேல்