மூன்றாம் தூணைத் தட்டிப் பார்க்கக் கோரி

அனுப்புநர்:
ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர்
(காலொடிந்த குழாய்ப் பொருத்துநரின் அக்கா),
படகுப் பட்டறை, துறைமுகச் சாலை.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
கட்டட ஆய்வுப் பிரிவு,
பொது மருத்துவமனை வளாகம்.

பொருள்: தண்ணீர்த் தொட்டி மேடையின் மூன்றாம் தூண், தாங்கள் சான்றளித்தபடி நல்ல நிலையில் இல்லாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெளிநோயாளிகள் காத்திருக்கப்போகும் கூடத்தில், அவர்கள் தலைக்கு மேலே, நான்கு ஃபைபர் தூண்கள் தாங்கும் தொட்டி மேடை ஒன்று இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் தங்கள் பெயரை முன்கூட்டியே செதுக்கிவிட்டதால் அறிந்தே இருப்பீர்கள். ஒவ்வொரு தூணும் இரண்டு ஆள் உயரம், உள்ளே வெற்றிடம், சுவரின் தடிமன் மூன்று மில்லிமீட்டர்.

2. சென்ற மாதம் ஐந்தாம் தேதி காலை, தொட்டியில் முதன்முறையாகத் தண்ணீர் விட்டார்கள். முக்கால் தொட்டி நிரம்பியபோது மூன்றாம் தூண் நடுவில் நெளிந்தது, மேடை சாய்ந்தது, தொட்டி சரிந்து விழுந்தது. கீழே குழாயை முடுக்கிக்கொண்டிருந்த என் தம்பியின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பெஞ்சுகள் அதுவரை வந்து சேராததால் அங்கே வேறு யாரும் இல்லை.

3. பாரம் போனதும் தூண் தானாகவே நிமிர்ந்துகொண்டது. மெல்லிய ஃபைபர் அப்படித்தான் செய்யும். தம்பியின் காலுக்கு அந்தத் திறமை இல்லை. மறுநாள் வந்த தங்கள் குழு தூணை அண்ணாந்து பார்த்து, “நேராத்தானே நிக்குது, அப்புறம் என்னம்மா?” என்று என்னைக் கேட்டது. பொருத்துநர் சுத்தியலால் மேடையை இடித்திருக்கலாம் என்று அறிக்கை எழுதி, பழியை அவன் தலையில் கட்டியது. அவனிடம் இருந்தது ஒரு ஸ்பானர் மட்டுமே.

4. தூணின் வலிமையைச் சோதித்ததாகவும் அறிக்கை சொல்கிறது. அதைப் படித்தபோது கண்ணாடியை இரண்டு முறை துடைத்துக்கொண்டேன். தங்கள் அழுத்த இயந்திரத்துக்குள் முழுத் தூண் நுழையாததால், நிறுத்தாமல் மிச்சமிருந்த உபரித் தூண் ஒன்றிலிருந்து ஒரு சாண் துண்டை அறுத்து நசுக்கிப் பார்த்திருக்கிறீர்கள். அது நான்கு தொட்டிப் பாரத்தைத் தாங்கியதாம். தாங்காமல் என்ன செய்யும்? ஒரு சாண் துண்டுக்கு நெளிய இடம் ஏது? ஒரு முழு ஸ்ட்ராவை மேசைமேல் நிறுத்தி விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு விரற்கடை அளவு வெட்டி அழுத்திப் பாருங்கள். தங்கள் பட்டம் இதற்குத் தடையாக இராது.

5. நான் பத்தொன்பது ஆண்டுகளாக ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கிறேன். ஃபைபர் என்பது இழைத்துணியும் பிசினும் அடுக்கடுக்காக ஒட்டியது. ஒருமுறை நெளிந்தால், வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம். அடுத்த முறை பாதிப் பாரத்துக்கே மடங்கும். பட்டறையில் அதை நாணயத்தால் தட்டிக் கண்டுபிடிப்போம். நல்ல இடம் ‘டங்’ என்னும். பிரிந்த இடம் ‘தொப்’ என்னும். ஸ்டூலில் ஏறி மூன்றாம் தூணின் நடுப்பகுதியைத் தட்டினேன். சுற்றிலும் ‘தொப்’. தங்கள் உதவிப் பொறியாளர், “காதெல்லாம் கருவி இல்லீங்க, இறங்குங்க” என்றார். அவருடைய கண் எப்போது கருவியானது என்று, மரியாதை கருதி, நான் கேட்கவில்லை.

6. இப்போது அந்தத் தூணுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பூசி மெழுகுவதைத் தங்கள் பிரிவு இவ்வளவு வெளிப்படையாகச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொட்டியை மறுபடி மேடையில் ஏற்றிவிட்டார்கள். பெஞ்சுகளும் வந்துவிட்டன. வரும் வியாழக்கிழமை தொட்டியை மறுபடி நிரப்பப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு தடுப்பூசிக்கு வருகிறவர்கள் உட்காரப்போவது மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இதை அலுவலக நடையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

7. ஆகவே வியாழனுக்கு முன் தாங்களே வந்து, ஸ்டூலில் ஏறி, அந்தத் தூணைத் தட்டிப் பார்க்க வேண்டுகிறேன். ‘டங்’ என்று கேட்டால் என் தம்பியை வேலையிலிருந்து நீக்குங்கள். நான் வாய் திறக்க மாட்டேன். ‘தொப்’ என்று கேட்டால் மேடையிலிருந்து தொட்டியை இறக்குங்கள். அவன் தலையிலிருந்து பழியையும் இறக்குங்கள். தட்டிப் பார்க்கத் தங்கள் அலுவலகத்தில் நாணயம் இருக்குமா என்பது சந்தேகமே என்பதால், என்னுடையதை அனுப்பியுள்ளேன்.

இடம்: படகுப் பட்டறை
நாள்: மார்ச் 9, திங்கட்கிழமை

பதிலுக்கு அல்ல, ஓசைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
பொருத்துநரின் அக்கா

இணைப்பு: நாணயம் – ஒன்று. லஞ்சம் அல்ல, தட்டியபின் திருப்பித் தரவும்.