அந்தோனியார் காலடியில் வைத்த குளிசை டின்

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகன் ஜனாவுக்கு,

அப்பா சொந்தக் கையால் எழுதுவது. டோஹாவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். நான் செத்துப் பிழைத்துச் சுகம். பேனாவை உளி மாதிரிப் பிடிக்கிறேன் என்று புளோறன்ஸ் டீச்சர் சிரிக்கிறா. புறக்கோட்டையில் வாழ்நாளெல்லாம் மூட்டை தூக்கிய கை வேறு எப்படிப் பிடிக்கும். ஒரு வரி எழுதுவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது, ஆனாலும் எழுத எழுதச் சந்தோஷமாக இருக்கிறது மகன். கோயில் மண்டபத்தில் அவ நடத்தும் எழுத்து வகுப்பில் நான்தான் மூத்த மாணவன். இந்தத் தாளை அவவே படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவா.

இரத்தம் போவது நின்றுவிட்டது, இனி டாக்டர் தந்த குளிசை வேண்டாம் என்று நீ போனில் சிரித்துச் சொன்னாயாம். அம்மா அதை எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலடியில். நீ பயப்படுவாய் என்று நான் படுத்திருந்ததை உன்னிடம் மறைத்துவிட்டோம். உனக்கும் எனக்கும் ஒரே குடல் புண், நீ செய்ததைத்தான் நானும் செய்தேன். அந்தோனியாருக்கு நேர்ந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் போனேன், இரத்தம் நின்றது. அவர் தந்த பிறகும் குளிசை போட்டால் அவரை நம்பாதது போல இருக்கும் என்று நினைத்து, நம் லைன் வீட்டுத் தோட்டத்து வாசலில் இருக்கிற சுரூபத்தின் காலடியில் குளிசை டின்னை வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் இளந்தாரி மாதிரித் திரிந்தேன். பிறகு ஒரு விடியற்காலை, மூட்டை இழுக்கும் கொக்கியைக் குடலில் மாட்டி இழுத்தது போல வந்தது. நம் தோட்டத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் இருக்கிற இரண்டு கக்கூசில் ஒன்று அடைத்துக் கிடந்தது, மற்றதற்குள் ஜெனிஸ்டன் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். த்ரீவீல் ஓட்டுகிற பக்கத்து வீட்டு ஜெனிஸ்டன்தான். கெஞ்சினேன், "பொறுங்க மாமா" என்றான். எனக்குக் கண் இருண்டது. கதவை உதைத்தேன், பிணைச்சலோடு விழுந்தது. அவனைக் கழுத்தில் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினேன் மகன், அவன் சுவரில் மோதிப் பல் உடைந்தது. வாயெல்லாம் இரத்தத்தோடு எழும்பி இரும்பு வாளியைத் தலைக்கு மேல் தூக்கினான். "கிழவா, இண்டைக்கு உன்னக் கொல்லாம விடமாட்டன்" என்று வந்தவன், நான் உடுத்தியிருந்த சாரத்தைப் பார்த்தான். அது தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் சிவந்து வழிந்துகொண்டிருந்தது. வாளியைப் போட்டுவிட்டு, குத்திய என்னையே குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடினான். த்ரீவீலில் ஏற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் வழியெல்லாம் ஹோர்ன் அடித்தபடி, உடைந்த பல்லை ரோட்டில் துப்பித் துப்பி ஓட்டினான்.

லேடி டாக்டர், யாரைக் கேட்டுக் குளிசையை நிறுத்தினீர்கள் என்று கேட்டா, அந்தோனியாரை என்றேன். "அப்ப இரத்தம் ஏத்தவும் அவரையே வரச் சொல்லுவமா?" என்றா. வார்ட்டே சிரித்தது. ஆனால் போகும்போது அம்மாவிடம், இன்னொரு தடவை நிறுத்தினால் குடல் ஓட்டையாகி, வெட்டி எடுக்க வேண்டி வரும், ஆள் பிழைப்பதே சந்தேகம் என்றாவாம். அதைச் சொல்லி முடித்த வாயால்தான் அம்மா உன் கதையையும் சொன்னா. ஊசி குத்திய கையோடு எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே சுரூபத்தடிக்குப் போனேன். டின் அப்படியே இருந்தது, யாரோ அதன் மேல் மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். மெழுகைச் சுரண்டி எடுத்துக்கொண்டேன். இப்போது காலையில் அவர் முன்னால் நின்றுதான் குளிசை விழுங்குகிறேன். ஜெனிஸ்டனுக்குப் பல் கட்டிக்கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். புதுக் கதவையும் அவனே போட்டான். வரிசையில் என்னைக் கண்டால், "மாமாவுக்கு வழி விடுங்க, மிச்சப் பல் எனக்கு வேணும்" என்று கத்துகிறான்.

நீ அங்கே தனியாள் மகன். உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட அந்த அறையில் யார் இருக்கிறார்கள். இந்த வரி வரைக்கும் வாசித்துவிட்டாய் என்றால் எழும்பு, குளிசையைப் போடு, தண்ணீர் குடி. நாளைக்கே டாக்டரிடம் போய் நிறுத்தியதைச் சொல். சாப்பாட்டில் உறைப்பைக் குறை. அந்தோனியார் உன்னைக் காப்பார், அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கும். போட்டதும் போனில் "போட்டேன்" என்று மட்டும் எழுதி அனுப்பு. டீச்சரிடம் காட்டமாட்டேன், அம்மாவுக்கு அதை நானே வாசித்துச் சொல்ல வேண்டும்.

கைநாட்டு இல்லாமல், கையெழுத்தோடு,
உன் அப்பா
மரியதாஸ்