மிதக்கும் சனி

அம்மாடி,

பரணிலிருந்து உன் பெட்டியை இறக்கினோம். திறந்ததும் அந்துருண்டை வாசம். துணிகளுக்கு அடியில் அந்தத் தடித்த புத்தகம், அட்டையில் வளையம் போட்ட சனி கிரகத்தோடு. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் பத்து வயதில் நான் வாங்கிக் கொடுத்ததைக் கடைசிவரை வைத்திருந்திருக்கிறாய். நான் சொல்லச் சொல்ல உன் மகள்தான் இதை எழுதுகிறாள். ஆறாவது படிக்கிறாள். உன்னைப் போலவே எந்நேரமும் வானத்தைப் பற்றித்தான் கேள்வி.

"நட்சத்திரம், கெரகம் பத்தி ஒரு புக்கு வாங்கிகினு வா நைனா" என்று நீ கேட்டாய். தறியை நிறுத்திவிட்டு ஆரணியிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டு, "பாத்து எடுத்துக்கோங்க" என்றார். படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிப்பவன் போலப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒன்று மெல்லியது, நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்தது. உள்ளே சைக்கிள், தண்ணீர் டம்ளர், பம்பரம் என்று படங்கள். வானத்துக்கும் பம்பரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவைத்தேன். மற்றது தடிமன். புடவையை மறுபக்கம் திருப்பி நெசவைப் பார்க்கிற கை அல்லவா, புத்தகத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நூல் போட்டுத் தைத்திருந்தது. இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. அதையே வாங்கினேன்.

நீ முதல் பக்கத்தைப் பிரித்துப் படித்தாய், அட்டையைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தாய். பிறகு சிரித்தாய். "நல்ல புக்கு நைனா."

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில், நான் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருக்கும்போது, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை விரித்துப் படித்துக் காட்டுவாய்.

"சனி கெரகம் எவ்ளோ பெருசு தெரியுமா? ஆனா லேசு. அது கொள்ற மாதிரி ஒரு ஏரி இருந்து, தூக்கிப் போட்டா மெதக்கும்."

"ஏழரை வருஷம் தோள்மேல உக்காந்துகினு எறங்க மாட்டேங்குது, அது மெதக்குதா? யார்கிட்ட கத வுடுற?"

"புக்குலயே போட்டுகீது. வேணும்னா நீயே படிச்சுப் பாரு."

குறும்பு உனக்கு. நானும் எட்டிப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டுவேன். இருவரும் சிரிப்போம்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பள்ளிக்கூடம் விட்டு நேரங்கழித்து வருவாய். எங்கே போனாய் என்றால் பதில் வராது. ஒருநாள் கோபத்தில் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். அழுதாய். அப்போதும் சொல்லவில்லை.

பெட்டியை இறக்கிய அன்று உன் மகள் அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"தாத்தா, இது ஜோசிய புக்கு. சனி தோஷம் போவறதுக்கு எள்ளு வெளக்கு ஏத்தச் சொல்லி போட்டுகீது."

"ஒழுங்கா பாரு. மெதக்கும்னு இருக்கும்."

"இல்லவே இல்ல தாத்தா."

புரட்டிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். பக்கங்களுக்கு நடுவே நோட்டிலிருந்து கிழித்த தாள்கள், நாலாக மடித்து. "இது அம்மா கையெழுத்து" என்றாள். ஒவ்வொரு தாளின் மேலேயும் 'பள்ளி நூலகம், வெள்ளிக்கிழமை' என்று எழுதியிருந்ததாம். சனி மிதப்பது மூன்றாவது தாளில் இருந்தது.

அப்பன் ஒருநாள் தறியை நிறுத்திப் போய் வாங்கி வந்தது தப்பான புத்தகம் என்று அவனுக்குத் தெரியக்கூடாது. அதற்காக வாரம் தவறாமல் எழுதி எடுத்து வந்திருக்கிறாய். நான் அடித்திருக்கிறேன்.

நீ படுக்கையில் கிடந்தபோது, சனி பிடித்திருக்கிறது, எள் விளக்கு ஏற்றுங்கள் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னாள். கிளம்பிய என்னைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "அது தண்ணியில மெதக்கற கெரகம் நைனா. அதுவா என்ன அமுக்கப் போவுது?" அப்போதாவது புத்தகத்தைப் பற்றி நீ சொல்லியிருக்கலாம். நான் போய் விளக்கேற்றினேன். நாலாம் நாள் நீ இல்லை.

இந்த இடத்தில் உன் மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

அவளுக்கு ஒரு நல்ல புத்தகம் வாங்க நேற்று மறுபடியும் வேலூர் போனேன். அவளுக்குப் பள்ளிக்கூடம், அதனால் தனியாக. கடையில் வேலைக்கு ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன். எழுபத்தாறு வயதில் ஒரு கடையில் அதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. "சனி கெரகம் தண்ணியில மெதக்கும்னு எந்த புக்குல போட்டுகீதோ, அத குடு."

"அப்படியெல்லாம் யாரும் கேட்டதே இல்லீங்க தாத்தா" என்று சிரித்தாள். ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நாலாவது புத்தகத்தில் கிடைத்தது. மெல்லியது, பின் அடித்தது. உள்ளே ஒரு பம்பரம் இருந்தது.

வீட்டுக்கு வந்து பின்னைப் பிடுங்கிவிட்டுப் பட்டு நூலால் தைத்துக் கொடுத்தேன். இனி பக்கம் கழன்று வராது.

உன் மூன்றாவது தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மிதக்கும் என்று எழுதியிருப்பது எந்த இடம் என்று உன் மகளைக் கேட்டேன். விரல் வைத்துக் காட்டினாள். மேலிருந்து நாலாவது வரி. அந்த ஒரு வரியை இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்மா.