நீயே இட்ட கையெழுத்து

இன்று காலை என் அலுவலகத்துக்கு வந்த ஒருவர் தம் மணிக்கட்டில் சுற்றி ஒட்டியிருந்த பட்டையைப் பிரித்தார். சர்ரென்று அது விடுபடும் ஓசை கேட்டதும், எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினேன். சிகிச்சை அறையில், கைக்குப் பயிற்சி தரும் ரோபோவிலிருந்து உன் வலக்கையை விடுவிக்கும்போது கேட்ட ஓசை அது.

பக்கவாதம் வந்தபின், நண்பா, நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான்: திரேஸ்புரத்து வீடு, உன்னைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்குச் சேர வேண்டும். உயில் எழுதலாம் என்றேன். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை போதும், சட்டம் அதை ஏற்கிறது என்றும் சொன்னேன். நீ தலையசைத்து மறுத்தாய்.

"ரேகைன்னா, படுக்கையில கிடந்தவன் விரலப் பிடிச்சு உருட்டிட்டாவன்னு என் தம்பி சொல்லுவான். நானே போடுதேன்."

சட்டம் படித்த நான் எண்ணியிருக்க வேண்டிய ஆட்சேபம் அது. கடலில் முக்குளித்துச் சங்கெடுத்துப் பிழைத்த நீ முந்திக்கொண்டாய்.

முழங்கை முதல் மணிக்கட்டு வரை உன் கையை அந்த ரோபோ தாங்கிக்கொள்ளும். திரையில் மீன்கள் ஓடும். கையை நகர்த்தி அவற்றைப் பிடிக்க வேண்டும். கை தயங்கும் இடத்தில் மட்டும் அது உதவும். எவ்வளவு உதவியது என்பதையும் திரை காட்டும்.

"ஏலே வக்கீலு, கடல்லயே கிடந்தவன டிவில மீன் பிடிக்கச் சொல்லுதாவ, பாத்தியா?" என்று சிரித்தாய். ஆனால் அதன் இயல்பை என்னைவிட விரைவாக அறிந்துகொண்டவன் நீ. "படகுல கயிறு பிடிக்கவன் மாதிரிலே இது. அடியில கிடக்கவன் இழுத்தாத்தான் அவன் தூக்கணும். முந்தித் தூக்கினா, கைக்கு வந்த சங்கு போச்சு."

சிகிச்சை அளித்த பெண் அன்றாடம், "போதும் அண்ணாச்சி, கை சோர்ந்துபோச்சு" என்பார். "இன்னும் ஒரு மீனு தாயி" என்பாய். அந்த ஒரு மீன் ஒருநாளும் ஒன்றோடு நின்றதில்லை. மாதங்கள் செல்லச் செல்லத் திரையில் உதவியின் அளவு குறைந்துகொண்டே வந்தது. எதையும் அளந்தே பாராட்டும் வழக்கம் எனக்கு. அந்நாட்களில் உன்னைக் கண்டு அளவின்றி வியந்தேன், உன்னிடம் சொன்னதில்லை.

உயிலில் கையெழுத்திட்ட நாளில் உன் வீட்டில் ரோபோ இல்லை. சிகிச்சை அளித்த பெண்ணும், பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரரும் சாட்சிகளாக நின்றார்கள். மூன்றாம் எழுத்தில் உன் பேனா நின்றது. மணிக்கட்டு நகர மறுத்தது. என்னை அறியாமல் என் கை உன் கையை நோக்கி நீண்டது.

"வக்கீலு, கைய எடு. நான் கயித்த இழுக்கல."

எடுத்துக்கொண்டேன். தொட்டிருந்தால், எந்தச் சந்தேகத்துக்கு இடமளிக்கக் கூடாதென்று அத்தனை மாதம் உழைத்தாயோ, அதை நானே உண்டாக்கியிருப்பேன். நாங்கள் காத்திருந்தோம். பேனா மெல்ல நகர்ந்தது. உன் பெயரை நீயே எழுதி முடித்தாய்.

நீ மறைந்து சில வாரங்களில் உன் தம்பி என்னிடம் வந்தார். சாட்சிகள் இருவரையும் வரச் சொல்லியிருந்தேன். அவர் உயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பழைய கையெழுத்து மாதிரி இல்லியே."

"இல்லை" என்றேன்.

"யாராச்சும் கையப் பிடிச்சியளா?"

பொருத்தமான சொற்களை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் சொல்லிவிட்டார்: "வக்கீல் சார் பிடிக்கப் போனாவ. அண்ணாச்சி ஒரு அதட்டு அதட்டினாவ. சார் கைய எடுத்துட்டாவ."

உன் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. "அப்போ போட்டது எங்க அண்ணந்தான்" என்று உயிலை மேசைமேல் வைத்தார். வீட்டைப் பற்றி அதன்பின் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

என் பிழையை மறைக்கவே நான் சொற்களைத் தேடினேன். உன் உறுதிக்கு அந்தப் பிழையே சான்றாயிற்று. இப்போதெல்லாம் யாரேனும் என் முன் கையெழுத்திடும்போது என் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். அவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி.